இடையில் நின்ற படிப்பும் பொதுப் பணமும்

1944 ஜூன் 22 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டமொன்று, யுத்தத்திலிருந்து திரும்பும் அமெரிக்கச் சிப்பாய் கலாசாலையில் சேர விரும்பினால், சம்பளத்துக்கும் புத்தகத்துக்குமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை சர்க்காரே செலுத்திவிடும் என்றும், ஜீவனத்துக்கென்று மாதம் 50 டாலரும், அவனை நம்பிப் பிழைப்பவர் இருப்பின் 75 டாலரும் அவன் கையிலே கொடுக்கும் என்றும் விதித்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையே அந்நாளில் ஆண்டுக்கு 400 டாலர்தான் வாங்கியது.

இச்சட்டத்தின் உயிர்நிலை அந்த மாதப்படியில்தான் இருக்கிறது. பெற்றோர் வீட்டில் உண்டு உறங்கிப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சம்பளத்தை ரத்துச் செய்தாலே பெரும்பாலும் போதும். முப்பது வயதுக் கிருகஸ்தனோ வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணிக்கும் கூலியை இழக்கிறானாதலால், வாடகைக்கும் குழந்தையின் பாலுக்கும் வழி செய்யாத எந்த உதவியும் அவனைப் படிக்க வைப்பதில்லை. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் சேர்ந்த குடும்பஸ்தர் பலர், மாடிஸன் நகரிலிருந்து ஏறக்குறைய 35 மைலுக்கப்பால், வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஆட்களுக்காக எழுப்பிய குடியிருப்பில் மனைவி மக்களுடன் தங்கி, பஸ் ஏறி வகுப்புக்குப் போய் வந்தார்கள். மாதப்படி இல்லையேல் அந்த பஸ்ஸில் ஏற ஆளிருந்திராது.

சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கலாசாலைகள் நாடோடிகளின் முகாம்களாகிவிடும் என்று அந்த ஆண்டிலேயே எச்சரித்தார். வந்து சேர்ந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அவர்களுடைய சிரத்தையைக் கண்டபின், முதலில் ஐயுற்ற ஹார்வர்டின் தலைவர் கானன்டே தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்.

ஆனால், தர்ம விசாரணை இங்கே முடிவதில்லை. இவ்வுதவி எந்த நியாயத்தின் பேரில் கொடுக்கப்பட்டது? போர்முனையில் நின்றவனுக்குத் தேசம் பட்ட கடன் என்றார்கள். அப்படியானால், அதே யுத்தத்துக்காகத் தொழிற்சாலையில் விமானம் பூட்டிய பெண்ணுக்குத் தேசம் கடன்படவில்லையா? சட்டத்தில் நிறபேதம் எழுதப்படாதிருந்தும், தென்மாகாணங்களின் வெள்ளையர் கலாசாலைகள் கறுப்புச் சிப்பாய்களுக்குக் கதவடைத்தன. அவர்களுக்கென்றிருந்த கலாசாலைகளிலோ போதிய இடமில்லை. மேலும், 25 வயதுக்குப் பிறகு படையில் சேர்ந்தவனுடைய படிப்பு யுத்தத்தால் தடைப்பட்டதென்று சட்டம் தானாக ஏற்காமல், அதை அவனே நிரூபித்தாலன்றி ஓராண்டுப் படிப்புக்குமேல் கொடுக்க மறுத்தது. அந்த வயது வரம்பு 1945 இறுதியில் நீக்கப்பட்டது மிகவும் நியாயமானது. சேவைக்குச் சன்மானம் என்ற எண்ணமும் அதனுடன் நீங்கி, கல்வி வேண்டியவர் எவர்க்கும் உதவி என்று ஆகியிருக்குமானால் இன்னும் நியாயமாயிருந்திருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடம் போதாத தேசத்தில் நரை கண்டவருக்குப் பணமா என்று கேட்பாருண்டு. அக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை; எழுத்தறியாத குழந்தைக்கே முதல் உரிமை. எனினும், தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று பதினாறு வயதில் ஆலைக்குப் போய், அன்று முதல் வரி கொடுத்துவரும் ஒருவன் நாற்பதாவது வயதில் கேட்பதை யாசகம் என்பது பெரும் அநீதி. கடனாகக் கொடுக்கலாமே என்பதும் முழுமையான விடையன்று. இருபது வயதில் வாங்கும் கடனை அடைக்க ஆயுள் முழுதும் இருக்கிறது, நாற்பதில் வாங்கும் கடனோ மகளின் கலாசாலைச் செலவு வரும் காலத்திலேயே வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆதலால் இலவசமாகவே கொடுத்தல் வேண்டும். இடையில் தேறாதவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதையும், காரணம் விசாரியாமல், ஒப்புவதற்கில்லை: குழந்தைக்கு ஜுரம் கண்ட வாரத்தில் பரீட்சையைத் தவறவிட்ட தாய்க்கு, அடுத்த பரீட்சை வரை மாதப்படி நிற்காமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.