முக்கால் ரூபாய் குறியீடு அல்ல

பள்ளியில் சிறுகதை என்றால் எங்களுக்கு உத்திமுறைதான். உவமை எங்கே, உருவகம் எங்கே, பின்னோக்கு எங்கே என்று பென்சிலால் கோடு போட்டால் மார்க். பொறியியல் முடித்து ஜொகூர் பாருவில் வேலைக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘பொன்னகரம்’ கதையையும் அப்படித்தான் வாசித்தேன். குதிரைவண்டிக்காரக் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. மில் கூலியான அம்மாளு ஒருவனோடு இருட்டுக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள்.

‘பால் இங்கே தாய்மையின் குறியீடு’ என்று பக்கத்து அறை அண்ணனிடம் சொன்னேன். தினமும் விடியுமுன் மோட்டாரில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் அவர். “தம்பி, அது பாலுதான். காசு இல்லன்னா கெடைக்காது, அவ்ளோதான்” என்றார்.

யோசித்துப் பார்த்தால், குறியீடு என்று பெயர் வைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது. அம்மாளு ஆளாக இல்லாமல் கருத்தாகிவிட்டாள், கருத்துக்குப் பசிக்காது. உத்தி பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. தலைப்பில் உள்ள எள்ளலைப் பிடிக்காவிட்டால் கதையே இல்லை. ஆனால் அந்த எள்ளல் எடுபடுவதே, தொகை வெறும் தொகையாக நிற்பதால்தான். ‘கொஞ்சம் பணம்’ என்று எழுதியிருந்தால் நாம் தப்பித்திருப்போம்.

கடைசியில் கதை நம் பக்கம் திரும்பிக் கற்பைப் பற்றிக் கேட்கிறது. பரீட்சையில் அதை ‘வாசகரை விளித்தல்’ என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்பேன். அவள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொன்னாலோ, மாதச் சம்பளக்காரனின் தாராளம் போலக் கேட்கிறது.