துப்பாக்கியின் இரண்டு முனைகள்

1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் எஸ்.ஏ.-80 துப்பாக்கிகள் பாலைவன மணலில் அடிக்கடி சிக்கிக்கொண்டன என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதுப் பையனைச் சாவின் எதிரே நிறுத்திவிட்டு, கையில் பழுதான கருவியையா கொடுப்பது என்று பொருமினேன். சற்று நேரம் கழித்துத்தான் துணுக்கென்றது. நான் விரும்பியது என்ன? துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டிருக்க வேண்டும் என்பதுதானே? சுட்டிருந்தால், மணல்மேட்டுக்கு அப்பால் இன்னொரு இருபது வயதுப் பையன் விழுந்திருப்பான். அவனை நான் நினைக்கவே இல்லை.

அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி என் மனத்தை விட்டு அகலவில்லை. 'புல்பப்' என்று அந்த வகைக்குப் பெயர். சாதாரணத் துப்பாக்கியில் தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால் இருக்கும்; தோளில் முட்டுக் கொடுக்கும் பின்பகுதி பெரும்பாலும் வெறும் கட்டைதான். அந்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? வெடிக்கும் அறையையும் தோட்டாப் பெட்டியையும் விசைக்குப் பின்னால் கட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். குழலின் நீளம் குறையவில்லை, துப்பாக்கி குறுகிவிட்டது. அமெரிக்கரின் எம்-16-இலும், 1977-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற ஸ்டெயரிலும் குழல் 508 மில்லிமீட்டர்தான். ஆனால் முன்னது ஏறக்குறைய ஒரு மீட்டர். பின்னது 79 சென்டிமீட்டர். கவச வண்டிக்குள் ஒடுங்கி உட்காருகிறவனுக்கும், வாசற்படியில் சட்டென்று திரும்புகிறவனுக்கும் இந்த ஒரு சாண் வித்தியாசம் உயிர்.

ஆனால் இதில் தொல்லையும் உண்டு. விசை முன்னால், வேலை நடப்பது பின்னால். நடுவே நீண்ட கம்பி ஒன்று ஓடுவதால் விசையின் அழுத்தம் அத்தனை நயமாக இராது. வெடியோ சுடுகிறவன் கன்னத்தருகே. வெற்றுத் தோட்டாக் கூடு வலப்புறம் தெறிப்பதால், இடத்தோளில் வைத்துச் சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கும். இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! ஸ்டெயரில் பாகங்களை மாற்றிப் பூட்டி இடப்புறம் தெறிக்க வழி செய்தார்கள். 2001-இல் வந்த பெல்ஜியத்து எப்-2000, கூடுகளை ஒரு குழாய் வழியே முன்னுக்குக் கொண்டுபோய் உதிர்த்தது.

இடக்கைக்காரன் ஒருவனின் கன்னம் காயப்படக் கூடாதே என்று இவ்வளவு கரிசனம்! ஒரு முனையில் இருப்பவனுடைய கை, கண், கன்னம் எல்லாவற்றுக்கும் அளவெடுத்தாயிற்று. மறுமுனையில் இருப்பவனுக்கும் அளவெடுக்காமல் இல்லை; எத்தனை தூரத்தில் தோட்டா அவனைத் துளைக்கும் என்று.

ஆயுதமே இல்லாமல் ஒரு நாடு இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1939-இல் ஒரு போலந்துக்காரரிடம் போய் ஆயுதம் பாவம் என்று சொல்ல எனக்கு நா எழுந்திராது.

இவ்வகைக்கு முன்னோடியான இ.எம்.-2 துப்பாக்கியை இங்கிலாந்தில் என்பீல்டில் உருவாக்கியவர் ஒரு போலந்துக்காரர்தான்: ஸ்டீபன் ஜான்சன்; இயற்பெயர் யானுஷெவ்ஸ்கி. 1951-இல் ஆங்கில அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மீண்டும் பிரதமரான சர்ச்சில், அமெரிக்காவோடு ஒரே தோட்டா வேண்டும் என்று அதைக் கைவிட்டார். பெல்ஜியத்து எப்.ஏ.எல். அந்த இடத்தைப் பிடித்தது. அதைப் பார்த்து இச்சாப்பூரில் செய்ததுதான் நம் ஜவான்களின் தோளில் நெடுங்காலம் கிடந்தது.

ஜான்சனின் துப்பாக்கி படைக்கு வழங்கப்படவே இல்லை. அவர் கணக்கில் எதை எழுதுவது? அதைத் தடுத்தது அரசியல்; அவருடைய மனச்சாட்சி அல்ல. ஆகவே புண்ணியம் என்று எழுத முடியாது. பாவம் என்று எழுதவோ, ரத்தமே இல்லை. கைவிடப்பட்ட செய்தி வந்த அன்று ஒரு கைவினைஞன் வீடு திரும்புவதை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன். ஒரு பிரதியில் அவன் மேஜை மேல் தலை கவிழ்ந்து அழுதான். இன்னொன்றில் நிம்மதியாகத் தூங்கினான். இரண்டுமே பொய்யாகப் பட்டது. கிழித்துப் போட்டுவிட்டேன்.