வெட்டிய பாசி யார் கணக்கில்?

தாமலில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டி 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்து, மீனைவிடப் பாசியை அக்கறையாக வளர்க்கிற ஆள் நான். "பாசிதானே சார், ஏரிக்கரைக்குப் போனா சும்மாவே அள்ளிக்கலாமே" என்று பால்காரர் சொல்வார். தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பைத்தியம் என்று மட்டும் சொல்வதில்லை.

வராகேசுவரரும் தாமோதரப் பெருமாளும் இருக்கிற ஊரில் நாங்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு. என் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிறருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. எனக்குக் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு வழக்கு.

பாசி வளர்ப்பதன் சூட்சுமமே வெட்டுவதில் இருக்கிறது. மீன் கழிக்கிறது, மிச்ச இரை அழுகுகிறது. அதிலிருந்து அம்மோனியா வருகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிவிட்டு நின்றுவிடும். சாதாரணத் தொட்டியில் அதற்கப்பால் அது போக வழியில்லை, சேர்ந்துகொண்டே இருக்கும். பாசி அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. அந்த உடம்பை வெட்டி வெளியே எடுத்தால்தான் அழுக்கு வெளியேறும். விட்டுவைத்தால் அது தொட்டிக்குள்ளேயே செத்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். தொட்டிக்குக் கீழே சம்ப் என்று ஒரு சின்ன அறை. அதில் கீட்டோமார்ஃபா என்ற பாசி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் மாதிரி சுருண்டு கிடக்கிறது. மேலே விளக்கு அணைந்ததும் கீழே விளக்கு எரியும். ராத்திரியில் தண்ணீரின் பிஎச் இறங்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஆக, நான் வளர்ப்பது வெட்டுவதற்காகவே. கீரையும் அப்படித்தானே என்றால், கீரையைத் தின்கிறோம். பசி என்ற நியாயம் ஒன்று இருக்கிறது. இங்கே என்ன நியாயம்? நாலு மீன் நன்றாக இருக்க வேண்டும், அந்த மீன்களும் நான் பார்த்து ரசிப்பதற்காக இருக்க வேண்டும்.

இல்லறத்தாருக்கான ஒழுக்கத்தைச் சொல்லும் சமண நூல்களில் இரத்தினகரண்டகம் முக்கியமானது. இயற்றியவர் சமந்தபத்திரர், மரபு அவரைக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லும். தமிழில் அதன் வழி வந்தது அருங்கலச்செப்பு. கொல்லாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் என்று ஐந்து சொல்லப்படுகின்றன: உறுப்பை அறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவைத் தடுத்தல். மாட்டையும் வேலையாளையும் மனதில் வைத்துச் சொன்னவை இவை. என் தொட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் சங்கடம்தான். கட்டிவைத்தல், அறுத்தல் இரண்டுக்கும் மறுப்பே கிடையாது. உணவைத் தடுத்தல்கூட நடக்கிறது. பாசி நன்றாகச் செழித்து நைட்ரேட்டைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டால், அதற்கே தின்ன ஒன்றுமில்லாமல் வெளுத்து நொறுங்க ஆரம்பிக்கும். அப்போது பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கழிவை ஒழிக்கப் பாசி வளர்த்து, அந்தப் பாசிக்குக் காசு கொடுத்துக் கழிவு வாங்கி ஊற்றுகிற கூத்து உலகத்தில் வேறெங்கும் நடக்குமா தெரியவில்லை.

தப்பிக்க ஒரு வழி உண்டு. பாசி ஓரறிவுயிர். தொல்காப்பிய மரபியலும் சமண நூல்களும் இதில் கிட்டத்தட்ட ஒரே பேச்சு: தொட்டால் அறிவது மட்டும் ஓரறிவு, நத்தைக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு. என் தொட்டிக் கண்ணாடியில் ஊரும் நத்தை, கல்லிடுக்கில் சங்கு சுமக்கும் துறவி நண்டு என்று மரபியலில் பாதி அங்கேயே இருக்கிறது. நடமாடும் உயிர்களைக் கொல்லாதிருப்பதே இல்லறத்தான் விரதம். நிலைத்து நிற்கும் ஓரறிவுயிரைத் தேவைக்கு எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அதே நூல்கள் பயனில்லாத தீங்கையும் விலக்கச் சொல்கின்றன. வேலையில்லாமல் மண்ணைத் தோண்டுவது, நீரை இறைத்துக் கொட்டுவது, இலையைக் கிள்ளுவது எல்லாம் அந்தக் கணக்கு. கூடத்தில் கடல் வைத்திருப்பது தேவையா என்று கேட்டால் என் வாய் அடைத்துவிடும்.

கீட்டோமார்ஃபாவோடு நின்றிருந்தால் விஷயம் இவ்வளவுதான். கௌலர்ப்பா என்ற இன்னொரு பாசி வந்து கணக்கையே கலைத்துவிட்டது.

கௌலர்ப்பாவுக்கு இலை போல ஒன்று, தண்டு போல ஒன்று, வேர் போல ஒன்று எல்லாம் உண்டு. தரையில் ஓடியபடியே படரும். சிலவகை மீட்டர் கணக்கில் நீளும். இத்தனையும் ஒரே செல். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே குழம்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு துண்டைப் பார்த்தேன். வெங்காயத் தோலில் பையன்களுக்குக் காட்டுவேனே, அந்தக் கட்டம் கட்டமான சுவர் எங்கேயும் இல்லை. குறுக்கே நூல் நூலாகச் சில இழைகள் மட்டும். வெட்டினால் உள்ளிருப்பது கொட்டிப்போய்ச் சாக வேண்டும். சாகாது. சில நிமிடங்களில் வெட்டுவாயில் பசை போல ஒன்று திரண்டு அடைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு துண்டும் தனித்தனியே வாழும்.

இப்போது சொல்லுங்கள்: வெட்டுவதற்கு முன் அங்கே எத்தனை உயிர்? ஒன்று என்றால், இரண்டாவது எங்கிருந்து வந்தது? உயிர்கள் அநாதி, படைக்கப்படுவதில்லை என்பது எங்கள் கொள்கை. சைவ சித்தாந்தமும் இதில் எங்களோடுதான் நிற்கும். கத்தரிக்கோலால் உயிரை உண்டாக்கவும் முடியாது, பிளக்கவும் முடியாது. சமண நூல்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. தாவரங்களில் ஓருடம்புக்கு ஓருயிர் என்பது ஒருவகை. ஓருடம்பைப் பல உயிர்கள் பொதுவாகப் பங்கிட்டுக்கொள்வது இன்னொரு வகை. கிழங்குகளைத் தின்னாதது இரண்டாவது வகை என்பதால்தான். பாசியையும் அதில் சேர்த்துவிட்டால் எண்ணற்ற உயிர்கள் முன்பே இருந்தன, பாகம் பிரிந்து போயின என்று சொல்லிவிடலாம். தர்க்கம் சரி. ஆனால் கத்தரிக்கோல் பிடித்தவனுக்கு அது ஆறுதலா? ஒன்றை வெட்டினேன் என்றிருந்தது, எண்ணற்றவற்றை என்று ஆகிறது.

இங்கிருந்து பக்கம்தான் திருப்பருத்திக்குன்றம். திரைலோக்கியநாதர் கோயிலில் பழைய குரா மரம் ஒன்று நிற்கிறது. தன் அளவில் கூடாமலும் குறையாமலும் நிற்பது என்று அங்குள்ள கல்வெட்டுப் பாட்டு அதைப் புகழ்கிறது. அதன் முன் நிற்கும்போதெல்லாம் என் தொட்டிதான் நினைவுக்கு வரும். புகழத்தக்க உயிர் என்றால் அளவோடு நிற்க வேண்டும் என்று நம் பாட்டன்மார் நினைத்திருக்கிறார்கள். கௌலர்ப்பாவுக்கு அளவும் தெரியாது, எல்லையும் தெரியாது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தபோது தொட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, இதைப் புடிச்சாந்து வச்சிருக்கியே, வரேன்னு அது சொல்லிச்சா?" என்றார்.

"வாங்கிட்டு வந்தது பெரியம்மா. கொளத்தூர் கடையில."

"வாங்கிட்டா சரியாப் போச்சா?"

அதற்குப் பிறகு நான் கீட்டோமார்ஃபாவை வெட்டுகிறதைப் பார்த்தார். வெட்டிய நாரைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு அலசி அலசி உதறுவேன். அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இறால் இனத்துப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். உதறினால் தூசி போல வாளியில் இறங்கி நீந்தும். அந்தத் தண்ணீரை அப்படியே சம்புக்குத் திருப்பி ஊற்றிவிடுவேன். மீனுக்கு நல்ல இரை என்றுதான் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். பெரியம்மா, "இது எங்கம்மா கெணத்தடியில செய்றது" என்றார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகு, துணியைக் கவிழ்த்து அதே தண்ணீரால் அலசி, அந்த அலசலைக் கிணற்றிலேயே இறக்கிவிடுவார்கள். வடிகட்டியில் தங்கிய உயிர்கள் வந்த இடத்துக்கே போக வேண்டும். அதே வாளி, அதே அலசல். கவனக்குறைவோடு உயிரைப் பிரிப்பதுதான் இம்சை என்று சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. எண்ணிக்கையில் மாட்டிக்கொண்ட எனக்கு அந்தக் 'கவனம்' என்ற இடம் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. அதனால்தான் அதைச் சந்தேகமும் படுகிறேன்.

ஏனென்றால் கவனம் இருக்கிறவனுக்கு அடுத்த கேள்வி வரும்: வெட்டியதை என்ன செய்வது? இளகிய மனசு சொல்லும், கொல்லாதே, கடலில் விட்டுவிடு என்று. கூண்டுக் கிளியைப் பறக்கவிடுவது புண்ணியம் என்று பழகிய நாடு இது. ஆனால் தொட்டிப் பாசி கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கதைகள் இருக்கின்றன.

1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடல் தரையில் கௌலர்ப்பா டாக்ஸிஃபோலியா ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தென்பட்டது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் வில்ஹெல்மா விலங்கியல் பூங்காவின் தொட்டியில் வளர்ந்த வகை. அலெக்சாந்தர் மைனேஸ் என்ற தாவரவியலாளர் வருடக்கணக்கில் எச்சரித்துக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி, அங்கிருந்த கடற்புல்லை மூடியது. பரவியது விதையால் அல்ல, துண்டால். அத்தனையும் ஒரே செடியின் துண்டுகள். உயிர்களை எண்ண உட்கார்ந்தவன் அங்கே என்ன எண்ணுவான்? 2000-ல் அதே வகை கலிஃபோர்னியாவில் சான் டியேகோ அருகே ஒரு காயலில் முளைத்தது. யாரோ வீட்டுத் தொட்டியைக் கொட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். 2006-ல்தான் ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்திருப்பதாக 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மிதவைகளை நம்பிப் பிழைக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால் அதை மொனாக்கோ கதையோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. அவர்களுடையது தேவை. என்னுடையது ஆசை.

கிளிக்குச் செய்வதை இதற்குச் செய்ய முடியாது. ஓருயிரை அதன் இடத்திலிருந்து எடுத்துவந்து அடைத்தவனுக்கு, அதை விடுதலை செய்யும் உரிமையும் அப்போதே போய்விடுகிறது. விடுவதுதான் இங்கே கூடுதல் கொலை. மிச்சமிருப்பது தன் கையால் கொல்வது. வெட்டிய கௌலர்ப்பாவை மொட்டைமாடியில் தகரத்தில் பரப்பி, சித்திரை வெயிலில் நொறுங்கும்வரை காயவைக்கிறேன். மழைக்காலமாக இருந்தால் ஃபிரீசரில் உறையவைத்த பிறகு. உப்பை அலசிவிட்டுத் தென்னை மரத்தடியில் போடுகிறேன். இதை அகிம்சை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் துணிச்சல் எனக்கு இல்லை.

சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். கீட்டோமார்ஃபா ஒரு பிடி வாங்கிக்கொண்டார். கௌலர்ப்பாவும் வேண்டும் என்றார். தரமாட்டேன் என்றேன்.

"நம்ம மன்னார் வளைகுடாவுலயே கௌலர்ப்பா இருக்குதே சார்."

"இருக்குது. இது அதுதானான்னு எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது."

"உங்க சமயத்துல புல்லைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. நீங்க வெயில்ல போட்டுக் கொல்றீங்க. எங்கிட்ட கொடுத்தா உயிரோட இருக்கும்ல?"

"இருக்கும். உங்க தொட்டி உடைஞ்சா, நீங்க வீடு மாத்தினா, அப்பவும் இருக்கும். அதுக்கு நான் கொல்றேன், என் கணக்குலயே இருக்கட்டும். கீட்டோ தீர்ந்தா சொல்லுங்க தம்பி, பெரிய டப்பாவா எடுத்துட்டு வாங்க."