சபிக்கப்படாதவர்கள்

வாடைக் காலத்தில் மாரியூர்க் கடல் அடங்கிக் கிடக்கிறது. உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. வேலை இல்லாததால் ஒரு பெரியவர் என்னோடு நடந்தார். பூவேந்தியநாதர் கோயிலைத் தாண்டியதும், சித்திரைத் திருவிழாவில் சுவாமி சுறாவுக்கு வலை வீசுவது இந்தக் கரையில்தான் என்று காட்டினார்.

கதை தெரிந்ததுதான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 57ஆவது படலம். சிவன் வேதப் பொருள் சொல்லும்போது உமையின் கவனம் பிசகுகிறது. பரதவர் மகளாகப் பிறக்கச் சாபம். சுவடிகளைப் பிடுங்கிக் கடலில் எறிந்த முருகனுக்கு ஊமையாகப் பிறக்கச் சாபம். அவனை உள்ளே விட்ட நந்தி சுறாவாகிறது. பிறகு சபித்தவனே வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்து, உமையை மணந்து, மீட்டுப் போகிறான்.

"வாசல்ல நின்ன பாவத்துக்கு நந்திக்குத் தண்டனை, பாத்தியளா தம்பி" என்றார் பெரியவர். சிரிக்கவில்லை.

கடவுளை நம்பாத நான் இந்தக் கதையை இதுவரை ஓர் அழகான பொருளாகவே வைத்திருந்தேன். அன்று அது என்னைக் கேள்வி கேட்டது. கவனப் பிசகுகூடக் குற்றம், தடுக்காமல் நிற்பதும் குற்றம் என்கிறது கதை. இது கொடுமையாகப் படலாம். ஆனால் அதில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் ஆள் இருக்கிறான். சபித்தவனுக்கும் வேலை இருக்கிறது: அவன் கடலில் இறங்கியாக வேண்டும்.

இதே வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டியது முக்கியக் காரணம். 1986ல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001ல் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு வந்தது. ஆனால் அமிழ்ந்த தீவுகளுக்காக யார் ஊமையானான், யார் சுறாவானான்? வெட்டியவன் கூலிக்காரன். வாங்கியவன் வீடு கட்டினான். இந்தக் கடற்கரையில் நான் வளர்ந்த வீட்டின் சுவரிலும் அந்தக் கல் இருந்தது. காரை பெயர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும். விரலால் தடவி விளையாடியிருக்கிறேன். அது உயிராக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உமையின் குற்றமும் இவ்வளவுதான்.

மாரியூர் அம்மனுக்குப் பவளநிறவல்லி என்று பெயர். அந்தச் சிவந்த பவளம் வேறு, எங்கள் சுவரின் வெளுத்த கல் வேறு. ஆனாலும் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் கூசியது.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த பிழையில் யாருமே குற்றவாளியில்லை என்பது நம் காலத்தின் சௌகரியம். சாபத்தை நம்புகிறவனிடம் இந்தச் சௌகரியம் இல்லை. அவனுடைய நம்பிக்கையை நான் ஏற்க முடியாது. அதன் கணக்கை மறுக்கவும் முடியவில்லை.

திரும்பும்போது பெரியவரிடம் தீவுகளைப் பற்றிச் சொன்னேன். கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். "அதுக்கு வலை வீச யாரு வருவா?" என்றார். என்னைக் கேட்டாரா, கடலைக் கேட்டாரா தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.