கண்ணைக் கண்டு கலங்குவானேன்?

காவலுக்கு நிற்பவர் கையில் தடி இருக்கிறது, சட்டம் ஒப்புகிறது. இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம். அதையும் சட்டம் ஒப்புகிறது. நிறுத்தப்பட்டவன் கையில் கைப்பேசி ஒன்று உயர்ந்தால் மட்டும், "யாரைப் படம் பிடிக்கிறாய்?" என்று இடி முழங்குகிறதே, ஏன்? தடியில் இல்லாத ஆபத்து படத்தில் எங்கிருந்து வந்தது?

அடங்காமையை அறமென்று போற்றுபவர்கள் அல்லர் நாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில், சாமை மூட்டையோடு வரும் வண்டியையும் நிறுத்திப் பார்க்கக் காவலருக்கு அதிகாரம் உண்டு. சீருடை அணிந்த காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும் என்கிறது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. காட்டுவோம். தலைக்கவசம் இன்றி வந்தோமா? தண்டம் கட்டுவோம். ஆனால், கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. உரிமத்தைப் பறித்து வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டுத் தரவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 206ஆம் பிரிவு. கைது செய்தால் காரணம் கூறவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது விதி. குடிமகன் தவறினான் என்பதற்குக் காவலர் சாட்சி. காவலர் தவறினார் என்பதற்கு யார் சாட்சி?

இந்தக் கேள்வியை ஜவ்வாது மலை குருதியால் அறிந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தினர் அவர்கள். ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் அவர்களுள் உண்டு. "செம்மரம் வெட்ட வந்தார்கள், தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம்" என்றது காவல்துறை. "இல்லை, வழியிலே பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள்" என்றனர், தப்பி வந்து தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நின்றவர்கள். செம்மரம் வெட்டுவது குற்றந்தான். குற்றத்துக்குத் தண்டனை கூற நீதிமன்றம் இருக்கிறது, காடு நீதிமன்றமாகாது. பேருந்து நின்ற அந்த நேரத்தில் ஒரு கருவி படம் பிடித்திருந்தால்? ஒரு பக்கம் சீருடையின் சொல். மறுபக்கம் ஏழையின் சொல். எந்தச் சொல்லுக்கு எடை அதிகம் என்பதை நாடறியும்.

இன்னொரு மலையடிவாரம். 2021 ஜூன் திங்கள், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரை அடுத்த பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடி. இருசக்கர வண்டியில் வந்த வணிகர் ஒருவரைச் சிறப்பு உதவி ஆய்வாளர் தடியால் அடித்தார். மறுநாள் அவர் மாண்டார். உடனிருந்தவர் எடுத்த படம் நாடெங்கும் பரவிற்று, அதிகாரி கைதானார். போன உயிரைப் படம் மீட்டுத் தரவில்லை. ஆனால் மாண்டவர் மீதே பழியைச் சுமத்தும் வழியை அது அடைத்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு மாண்டபோது, அதனை மருத்துவக் கோளாறு என்றே காவல்துறையின் முதல் அறிக்கை கூறிற்று. 17 வயதுப் பெண்ணொருத்தி எடுத்த படம் அந்தப் பூச்சைக் கலைத்தது.

"காவல் நிலையத்திலேயே கேமரா இருக்கிறதே, உங்களுடையது எதற்கு?" என்பர். இருந்தது, சாத்தான்குளத்திலும்! 2020இல் தந்தையும் மகனும் வதைபட்ட அந்த நிலையத்தில், பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைந்திருந்ததை நீதித்துறை நடுவர் கண்டார். தன்னைத் தானே பார்க்கும் கண், வேண்டாதபோது மூடிக்கொள்கிறது.

"கடமைக்கு இடையூறு" என்பது அடுத்த வாதம். குறுக்கே பாய்வது இடையூறு. கையைப் பற்றி இழுப்பது இடையூறு. எட்ட நின்று பார்ப்பது எப்படி இடையூறாகும்? பொதுச்சாலையில் பணிபுரியும் காவலரைப் படம் எடுக்கலாகாது எனும் பொதுவான தடைச்சட்டம் ஏதும் இல்லை. காவல் நிலையத்துக்குள் படம் எடுத்தவர் மீது அரசு இரகசியச் சட்டத்தை ஏவியபோதும், அது அச்சட்டம் கூறும் தடைசெய்யப்பட்ட இடமன்று என்று 2022இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யுமாறு காவலருக்கே ஆணையிடுகிறது. அரசு எடுத்தால் சான்று, குடிமகன் எடுத்தால் குற்றமா?

இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் ஆடியுடன் வைனு பாப்பு தொலைநோக்கி வானத்தைப் படம் பிடிக்கிறது. விண்மீனைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று அறிவியல் கேட்பதில்லை; என்ன தெரிகிறது என்றே கேட்கிறது. காவியைக் கண்டு உண்மை என்று நம்பாதே என்று நமக்குக் கற்பித்த பகுத்தறிவு, காக்கியைக் கண்டு நம்பு என்று கூறுமா? உடை சான்றாகாது. நிகழ்ந்ததே சான்று.

ஆயினும், கருவி நம் கையில் வந்ததும் நாமும் ஒரு சிறு அதிகாரி ஆகிவிடுகிறோம் என்பதை மறக்கலாகாது. படத்தைக் காட்டிக் காசு கேட்பவன் கையூட்டு வாங்குபவனின் உடன்பிறப்பு. முன்னையும் பின்னையும் வெட்டி நடுவை மட்டும் காட்டுபவன் பொய்ச்சாட்சி. அடிபட்டுக் கிடப்பவனின் அவலத்தை வேடிக்கையாகப் பரப்புபவன் இரண்டாம் அடி அடிப்பவன். கண் நோக்க வேண்டியது அதிகாரத்தை, ஆதரவற்றவனின் மானத்தையன்று. நேர்மையான காவலருக்கும் அந்தக் கண்ணே காப்பு. பொய்க்குற்றச்சாட்டு வரும்போது அவர் பக்கம் பேசுவதும் அதே படந்தான்.

நிறுத்தப்பட்டவன் கை நடுங்கும்; அவனால் படம் பிடிக்க முடியாமற்போகலாம். ஆகவே இந்தக் கடமை அருகிலிருப்பவனுடையது. பேருந்தின் சன்னல் ஓரத்தில் இருப்பவரே, சாவடியைக் கடந்து போகும் இளைஞரே, உங்களுடையது! ஏச வேண்டா, எதிர்த்துப் பாய வேண்டா. எட்ட நில்லுங்கள், பாருங்கள், பதியுங்கள். அலைக்கோபுரம் எட்டாத மலைச்சிற்றூரிலும் கைப்பேசி படம் பிடிக்கும்.

அதிகாரம் மக்கள் தந்த கடன். கடன் கொடுத்தவன் கணக்குப் பார்க்கிறான். நேர்மையாளர் அதற்குக் கலங்குவானேன்?