கொண்டுபோகாத கடிதம்

மாலை ஏழு மணிக்கு ஜார்ஜ் டவுனில் கொஞ்சம் நடப்பது என் வழக்கம். ஃபார்குவார் ஸ்ட்ரீட்டில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குவேன். பெரியவர்கள் இன்னும் பிட் ஸ்ட்ரீட் என்றே சொல்லும் சாலையில் இறங்கினால், குவான் யின் கோயில் வாசலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். பின்பக்கம் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலில் சாயங்கால பூஜை மணி. இன்னும் நாலு எட்டு வைத்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு எழும். நாலு சமயமும் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். யாரும் யாருக்காகவும் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் தெரு அமைதியாக இருப்பதாகவே எனக்குப் படும்.

கொஞ்ச நாளாக இந்த நடையில் ஒரு பையன் கூடவே வருகிறான். வயது பதினைந்து. பெயர் துரைச்சாமி.

சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவுக்கு இளைய மகன் அவன். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். துரைச்சாமியை நாடுகடத்தினார்கள். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் ஏற்றப்பட்ட எழுபதுக்கு மேற்பட்ட கைதிகளில் அவனும் ஒருவன். கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. நம் பினாங்குக்கு அன்று அதுதான் பெயர்.

தகப்பன் நடத்திய போருக்கு மகனுக்குத் தண்டனை. காளையார்கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு எட்டுத் திக்கும் கடல்தான் தெரிந்திருக்கும். பதினைந்து வயதில் ஒரு பையனுக்கு மீசை முளைக்கத் தொடங்கும், குரல் உடையும். அந்தக் குரல் உடைந்தது அந்நிய மண்ணில், காவலுக்கு நடுவில்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818-ல், ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி இந்தத் தீவுக்கு வந்தார். அவருக்கும் மருது குடும்பத்துக்கும் பழைய உறவு உண்டு. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று வெல்ஷே எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்த அதே மனிதரைப் பின்னால் காட்டு மிருகத்தை விரட்டுவதுபோல் விரட்டிய படையிலும் அவர் இருந்தார். பினாங்கில் ஒருநாள், நொந்து நரைத்துப்போன கிழவர் ஒருவர் அவர் முன்னால் வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "துரைச்சாமி" என்று பெயர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்திருக்கிறது அவருக்கு. கிழவர் என்று நினைத்த அந்த மனிதருக்கு அப்போது முப்பது வயதுக்குமேல் ஒன்றிரண்டுதான் கூடியிருக்கும்.

துரைச்சாமி விடுதலை கேட்கவில்லை. தன் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பவர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வெல்ஷ் மறுத்துவிட்டார். கடமை குறுக்கே நின்றது.

இந்த இடத்தில்தான் என் மனம் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது. வெல்ஷ் கொடியவர் இல்லை. கொடியவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதியே இருக்கமாட்டார். இரக்கப்பட்டார், வருந்தினார், கடிதத்தை மட்டும் வாங்கவில்லை. ஒரு தாள் என்ன கனம் கனத்திருக்கும்?

செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அதே 1818-ல் கட்டி முடிந்ததுதான். கட்டியவை கைதிகளின் கைகள். வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்குத் தூண்களின் அழகைச் சொல்கிறார்கள். கைதிகளைப் பற்றி அரை வாக்கியம் வந்தால் அதிகம். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நானும் பல வருடம் அந்தத் தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனவன்தான்.

பாங்கு கேட்கும் நேரத்தில் இன்னொரு பையனின் நினைவு வரும். அவன் வேதப் புத்தகத்துப் பையன். கிறிஸ்தவர்கள் யோசேப்பு என்பார்கள். முஸ்லிம்கள் யூசுப் நபி என்பார்கள். அண்ணன்மார் விற்றுவிட்டார்கள். எகிப்தில் எஜமானின் மனைவி சொன்ன பொய்யால் சிறை. கூட இருந்த கைதிகள் இருவரின் கனவுக்கு அவன் பொருள் சொன்னான். அதில் ஒருவன் அரசனுக்குப் பானம் பரிமாறியவன். விடுதலையாகிப் போகும் அவனிடம் யூசுப் கேட்டது ஒன்றுதான்: ராஜாவிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்.

அவன் மறந்துபோனான். அதற்குப் பிறகும் இரண்டு முழு ஆண்டுகள் போயின என்கிறது ஆதியாகமம். சில ஆண்டுகள் சிறையிலேயே தங்கினார் என்கிறது குர்ஆன். எனக்கு அந்தக் கதையில் சிறையைவிட இந்த மறதிதான் வலிக்கிறது. கனவுக்குப் பொருள் சொன்ன ஞானி அவன். அவனுக்கும் வெளியே ஒரு வாய் தேவைப்பட்டது.

அந்த நபியின் பெயரைத் தாங்கிய ஒரு பையனை 1989 ஏப்ரலில் நியூயார்க்கில் கைது செய்தார்கள். யூசுப் சலாம். கறுப்பினத்தவன், ஹார்லெம்காரன், அவனுக்கும் வயது பதினைந்து. சென்ட்ரல் பார்க்கில் ஓடப் போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கு. பதினான்கிலிருந்து பதினாறு வயது வரையான ஐந்து பையன்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். மரபணுச் சோதனை அவர்களில் யாரோடும் பொருந்தவில்லை. ஆனாலும் தீர்ப்பு எழுதப்பட்டது. தண்டனைக்கு முன் பேச வாய்ப்புக் கிடைத்தபோது, அந்தப் பையன் தான் எழுதிய கவிதையை நீதிமன்றத்தில் வாசித்தான். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் உள்ளே இருந்தான். எழுதிக்கொண்டே இருந்தான். 2002-ல் உண்மைக் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான்; மரபணுவும் அவனோடு பொருந்தியது. அந்த டிசம்பரில் ஐவரின் தண்டனையும் ரத்தானது.

சிறையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை சலாம் மேடைகளில் சொல்வதுண்டு. காவலர் ஒருவர் அவனிடம் யார் நீ என்று கேட்டாராம். வழக்கில் தண்டிக்கப்பட்டவன் நான் என்று பெயரோடு சொன்னானாம். அது தெரியும், உன்னைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ இங்கே இருக்கவேண்டியவன் இல்லை, நீ யார் என்று அவர் மறுபடியும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பையன் அந்தக் கேள்வியை விடவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1896-ல், மதுரை சொக்கப்ப நாயக்கர் தெருவில் ஒரு மாடி அறை. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று மரணபயம் பிடித்துக்கொண்டது. அவன் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, இந்த உடம்பு செத்தால் சாகாமல் நிற்கிற நான் யார் என்று உள்ளே பார்த்தான். பின்னாளில் உலகம் அவனை ரமண மகரிஷி என்றது. சிவகங்கையும் மதுரையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அறைக்கதவு திறந்திருந்த பையனுக்கும் அறைக்குள் பூட்டப்பட்ட பையனுக்கும் கேள்வி ஒன்றாகவே இருந்திருக்கிறது. கைதி எண், வழக்கின் பெயர், பத்திரிகை சூட்டிய பட்டம் எல்லாவற்றையும் உரித்துப் போட்ட பிறகு மிச்சம் இருப்பவன் யார்? அப்படி மிஞ்சியவன்தான் கவிதை எழுதியிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

சிறையில் பாடினவர்களில் நமக்கு மூத்தவர் அப்பர். பல்லவன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான் என்கிறது பெரிய புராணம். வெந்து தணியும் சுண்ணாம்புக்கு நடுவில் உட்கார்ந்து அவர் குளிர்ச்சியான பொருள்களாகவே அடுக்கிப் பாடினார். சுற்றிலும் இருந்த வெப்பத்தை அவர் மறுக்கவில்லை, அதைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. சொல்லால் நிழல் கட்டினார், அதில் உட்கார்ந்துகொண்டார். ஏழாம் நாள் உயிரோடு வெளியே வந்த அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். நிழல் கட்ட முடிந்ததே, அதுவே எனக்குப் போதும்.

ஆனால் அப்பர் பாட்டுக்கும் ஒரு சிறைவாசம் வந்தது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறைக்குள் கிடந்தன, ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்பது மரபு. மிஞ்சியதை ஓதுவார்கள் வாய்வழியாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இன்று இந்தத் தீவின் கோயில்களில் யாரோ ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடும்போது, அந்தக் காளவாயிலிருந்து புறப்பட்ட கடிதம் ஒன்று வந்து சேர்கிறது. எத்தனை கை மாறி, எத்தனை கடல் தாண்டி!

சலாமின் கடிதமும் சேர்ந்தது. 1999-ல் கல்லூரி வகுப்பு ஒன்றில் இபி ஸொபாய் என்ற பெண்ணை அவர் சந்தித்தார். ஹைட்டியில் பிறந்தவர், பின்னாளில் எழுத்தாளர். அந்த இளைஞரை அவர் மறக்கவில்லை. இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-ல், இருவரும் சேர்ந்து எழுதிய 'பஞ்சிங் தி ஏர்' வெளிவந்தது. முழுக்கவே கவிதையில் எழுதிய நாவல். செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போகும் பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் அதில் வரையவும் எழுதவும் செய்கிறான். அவன் பெயர் அமல். அரபியில் அமல் என்றால் நம்பிக்கை, எதிர்பார்ப்பு. கதை சலாமின் வாழ்க்கை இல்லை. ஆனால் அந்த வயதில் உள்ளே எழுதியவற்றின் ஈரம் அதில் இருக்கிறது. பானம் பரிமாறியவன் மறந்ததை இந்தப் பெண் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

2023-ல் ஹார்லெம் மக்கள் சலாமைத் தங்கள் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பள்ளிவாசலைத் தாண்டினால் கேனன் ஸ்ட்ரீட். அங்கே ஒரு சுவரில் நாற்காலிமேல் ஏறி நின்று, உயரத்தில் இருக்கும் துவாரத்துக்குக் கை நீட்டும் ஒரு பையன் இருக்கிறான். 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. நாற்காலி நிஜம், பையன் சாயம். பகலில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். இரவில் யாரும் இல்லாதபோது அந்தக் கை வேறு மாதிரி தெரியும். துவாரம் வழியாக எதையோ வெளியே கொடுக்கப் பார்க்கிறான் என்று தோன்றும். அதை வாங்கிக்கொள்ளச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கவேண்டும்.

ஜபம் என்று நாம் சொல்வதும் இப்படிப்பட்ட ஒரு கை நீட்டல்தானோ என்று சில சமயம் யோசிப்பேன். துரைச்சாமியும் ஜபித்திருப்பார். ஆனால் வெல்ஷ் என்ற மனிதர் எதிரே வந்து நின்றபோது, கடவுளிடம் கேட்டதை அவரிடமும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். கேட்டது சரிதான். கடவுள் நடந்து வருகிற கால்கள் மனிதக் கால்களாக இருப்பதையே நம் புராணங்கள் எல்லாம் சொல்கின்றன. வந்த கால்கள் அன்று திரும்பிப் போய்விட்டன.

ஊரின் மேற்கே ஜாலான் பென்ஜாராவில் பினாங்குச் சிறை இருக்கிறது. 1849-ல் கட்டியது, இன்றும் ஆட்கள் இருக்கிற சிறை. அந்த மதிலை ஒட்டி வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது எங்கேயாவது உள்ளே இருந்தால், குற்றம் செய்தாரா இல்லையா என்ற விசாரணையை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டு, இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் எழுதிக் கொடுப்பது ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெல்ஷைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. கடிதத்தை வாங்காத மனிதர் துரைச்சாமியின் பெயரை மறக்கவில்லை. தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் அந்தச் சந்திப்பை எழுதி வைத்தார். இன்று நமக்கு அந்தப் பினாங்குக் கைதியைத் தெரியும் என்றால் அந்தப் பக்கங்களால்தான். புத்தகம் அச்சில் வந்தது 1830-ல். யூசுப்பை மறந்தவன் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டான். வெல்ஷ் பன்னிரண்டு.