துடிப்பது உண்மை

தமிழில் துடிப்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். இதயம் துடிக்கிறது. வலியில் துடிக்கிறோம். சுறுசுறுப்பாக இருப்பவளைத் துடிப்பான பெண் என்கிறோம். கண் துடிப்பதற்கோ தனி இலக்கணமே உண்டு: பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, வலக்கண் துடித்தால் ஆகாது; ஆணுக்கு இது தலைகீழ். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளன்று கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. கண்ணகிக்கு அது நன்னிமித்தம், பிரிந்த கணவன் திரும்பி வருவான் என்று பொருள். வந்தான். வந்தவன் அவளை எந்த ஊருக்கு அழைத்துப் போனான், அங்கே என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது யாராவது ஒரு மாணவி, "அப்போ அது நல்ல சகுனம்தானா மேடம்?" என்று கேட்பாள். எனக்குப் பிடித்த கேள்வி அது. துடித்தது உண்மை. அதற்கு யார் பொருள் சொல்வது, எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது என்பதுதான் சிக்கல்.

எனக்குத் துடித்தது இடது கெண்டைக்கால். அப்போது எனக்கு வயது 43. பக்கவாதத்தில் மூன்று வருடம் படுத்த படுக்கையாக இருந்த என் மாமியார் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு அசைவு, வலி இல்லை. சில நாளில் தொடைக்கு வந்தது, பிறகு இமைக்கு, பிறகு கட்டைவிரலின் அடிச்சதைக்கு. நடக்கும்போது தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு, நான் படுத்த பிறகுதான் தொடங்கும். இரவு ஒரு மணிக்குக் கைப்பேசியில் "தசை துடிப்பு" என்று தேடினால், நான்கைந்து வரிக்குள் ஏ.எல்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் வந்து நிற்கும்.

தெரியாதவர்களுக்கு: அது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. குணப்படுத்த மருந்து இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில், 1963இல், கண்டறியப்பட்டது இதுதான். அவரைப் போல ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அரிதிலும் அரிது. பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகள்தான்.

அந்த நோயில் தசை துடிக்கும் என்பது உண்மை. ஆனால் கூடவே தசை மெலியும், பலம் குறையும். செருப்பு காலிலிருந்து நழுவும், பொத்தான் போட வராது. பலம் குறையாமல் துடிப்பு மட்டும் இருந்தால், அநேகமாக அது ஆபத்தில்லாத துடிப்பு. தூக்கமின்மை, அளவுக்கு மீறிய காபி, உடல் அலுப்பு, பதற்றம் எல்லாமே தசையைத் துடிக்க வைக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட துடிப்பு உள்ள 121 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். வரவில்லை. இதையும் நான் அந்த இரவுகளிலேயே படித்துவிட்டேன். படித்ததும் நிம்மதி வரும், அரைமணி நேரம் இருக்கும். அடுத்த தடவை கால்மணி நேரம்தான். ஆறுதலும் காபி போலத்தான், பழகப் பழக அளவு போதாமல் போகிறது.

அதனால் சோதனை செய்யத் தொடங்கினேன். குளியலறையில் குதிகாலைத் தூக்கி நிற்பது, பிறகு குதிகாலில் மட்டும் நடப்பது. தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளப்பது. கைப்பேசி வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, அது நெளிகிறதா என்று பார்ப்பது. என் உடம்பை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெண்ணுடம்பு நிறைய பார்க்கப்படுகிறது என்று எழுதுகிறோம், பேசுகிறோம். நிறம், தடிமன், சேலை நிற்கும் விதம் எல்லாம் பார்க்கப்படும். ஆனால் என் இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு சென்டிமீட்டர் சின்னது என்பது 43 வருடத்தில் எனக்கே தெரிந்திருக்கவில்லை. (பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சமமாக இருக்காதாம்.) அதைக்கூட ஒரு காவலாளியின் கண்ணோடு, குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. நான் சொல்லி முடிக்கும்வரை மருத்துவர் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பி, "இவங்க தூக்கம்லாம் எப்படி சார்?" என்றார். "நல்லாத்தான் தூங்குறா" என்றார் இவர். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதினார். "லேடீஸுக்கு இந்த வயசுல வர்றதுதான். நரம்புத் தளர்ச்சி. நெட்ல ரொம்பப் பாக்காதீங்க."

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்தில் அது ஆண்களுக்கான சொல், பொருள் வேறு. அதே சொல் ஒரு பெண்ணைப் பற்றி வந்தால் 'இவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள்' என்று பொருள். ஒரே தளர்ச்சி, ஆணுக்கு மருந்து விற்க, பெண்ணுக்கு வாயை அடைக்க. ஐரோப்பாவிலும் இந்தப் பங்கீடு பழையது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம், பெண்ணுக்கு வந்தால் ஹிஸ்டீரியா, ஆணுக்கு வந்தால் ஹைப்போகாண்ட்ரியா, இரண்டும் ஒரே நோய்தான் என்றார். ஹிஸ்டீரியா என்ற பெயரே கிரேக்கத்தில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து அது ஒரு நோயின் பெயராக நீங்க 1980 வரை ஆனது. இன்னொரு வேடிக்கை: ஏ.எல்.எஸ். பயத்தோடு நரம்பியல் மருத்துவர்களிடம் வருகிறவர்களில் மருத்துவத் துறையினரே கணிசமாக இருக்கிறார்கள் என்று கண்ட ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2013இல் அதற்கென்றே ஒரு பெயர் வைத்தார்கள்: மருத்துவர்களின் தசைத்துடிப்புப் பதற்றம். அவர்கள் பயந்தால் அது ஆய்வுக்கட்டுரை. நாம் பயந்தால் நெட் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

இங்கே என் மாணவிகள் எதிர்பார்க்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில், சொல்பவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ஒரு தனி வகை அநீதி என்கிறார். சாட்சிய அநீதி என்று தமிழில் சொல்லலாம். எனக்கு நடந்தது அதுவே. ஆனால் கதை அங்கே முடிந்தால் வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை, ஏனென்றால் அந்த மருத்துவர் சொன்ன முடிவு சரி. எனக்கு அந்த நோய் இல்லை. பெண்களை நம்புங்கள் என்று சொல்கிறோமே, எனக்குச் சாவு வரப்போகிறது என்று நான் சொன்னதையும் நம்பியிருக்க வேண்டுமா?

இரண்டாவதாகப் பார்த்தது அரசு மருத்துவமனையில் ஒரு நரம்பியல் மருத்துவரை. மூன்று மணி நேரம் வரிசை. கிடைத்தது பதினைந்து நிமிடம். குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்பாதத்தில் நடக்கச் சொன்னார். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். நாக்கைப் பார்த்தார். கெண்டைக்கால் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். அது துடித்தது. "ஆமா, துடிக்குது. எனக்கே தெரியுது" என்றார். பிறகு, "ஆனா நீங்க பயப்படுற வியாதி இது இல்ல" என்றார். தசைக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையும் ஒரு வாரம் கழித்து அதையே சொன்னது.

இருவர் முடிவும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் பண்பாகப் பேசினார், சிடுசிடுத்தார் என்பது மட்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. முதலாமவருக்கு என் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் ஊகித்தார், ஊகம் பலித்தது. பல்லி சொன்னது பலிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. அதே ஊகம் அடுத்த நாற்காலியில் இருப்பவளிடம் பலிக்காது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அலுப்பு, படபடப்பு, மூச்சிரைப்பு என்று வந்து நிற்கும் அவர்களில் எத்தனை பேர் இந்த வயசுல வர்றதுதான் என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள்? உண்மையாகவே ஏ.எல்.எஸ். வந்தவர்களுக்குக்கூட நோய் உறுதியாகச் சராசரியாக ஒரு வருட அளவில் ஆகிவிடுகிறது. அந்த ஒரு வருடத்தில் அவர்கள் கேட்பதும் இதே வசனங்கள்தான். தொட்டுப் பார்க்காமல் சொன்ன சரியான பதிலை அறிவு என்று நான் ஏற்க மாட்டேன்.

அதே அளவுகோல் எனக்கும் பொருந்தும். துடிக்கிறது, தூக்கமில்லை, பயமாக இருக்கிறது: இந்த மூன்றுக்கும் நான்தான் சாட்சி, என்னைவிட்டால் ஆள் இல்லை. என் நரம்பணுக்கள் சாகின்றன என்பதற்கு நான் சாட்சி அல்ல. அது என் அனுமானம், எவ்வளவு உறுதியாக உள்ளே ஒலித்தாலும். இந்த இரண்டையும் கலந்துவிட்டு, பெண் தன் உடம்பைத் தானே அறிவாள் என்று முழக்கம் போடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முழக்கத்தை நம்பித்தான் நான் இரவு ஒரு மணிக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த அரசு மருத்துவர் என் சாட்சியத்தை ஏற்றார், அனுமானத்தை மறுத்தார். முதலாமவர் அனுமானத்தை மறுப்பதற்காகச் சாட்சியத்தையும் சேர்த்துத் தள்ளினார்.

ஆனால் இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. ஈ.எம்.ஜி. முடிவு கையில் இருந்தும் பயம் போகவில்லை. நோய் இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு எதற்குப் பயந்துகொண்டிருந்தேன்?

கனவிலும் விழிப்பிலும் எனக்கு வந்த படம் சாவு அல்ல, கட்டில். அத்தை படுத்திருந்த கட்டில். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் போட வேண்டும், இரவிலும்தான். நீண்ட நேரம் விழுங்குவார். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். உள்ளாடை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், எனக்கும் அவருக்கும் அது ஒரு ஒப்பந்தம். மூன்று வருடம் அதைச் செய்த கைகள் என்னுடையவை. அதனால் படுக்கையில் ஒரு உடம்பு கிடந்தால் எத்தனை கை வேண்டும் என்பது எனக்குக் கிலோ கணக்கில் தெரியும். இந்த வீட்டில் அந்தக் கைகள் வேறு யாரிடமும் இல்லை என்பதும் தெரியும். அத்தைக்கு நான் இருந்தேன். நரம்பைப் பற்றி என் பயம் சொன்னது பொய். வீட்டைப் பற்றி அது சொன்னது மெய். பொய்யான பகுதியைச் சோதிக்க ஊசியும் இயந்திரமும் இருந்தன. மற்றதைச் சோதிக்க ஒருநாள் நானே கேட்டேன்: "நான் படுத்துட்டா என்னை யாரு புரட்டிப் போடுவா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வெளக்கு வைக்கிற நேரத்துல" என்றார். கொஞ்சம் கழித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் வச்சுக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது உண்மையான பதிலாகவே பட்டது. தன் கைகள் அவர் நினைவுக்கே வரவில்லை.

கடைசி ஆறு மாதம் அத்தைக்கு ஒரு ஆள் வைத்திருந்தோம். பகல் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, மாலையில் இன்னொரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவார். போன மாதம் கடைவீதியில் பார்த்தேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டவரிடம், கால் துடித்தது, ஊசி போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் துடிக்குதே மேடம், ரெண்டு வருசமா. நாள் பூரா நின்னா துடிக்காதா?" என்று சிரித்தார். சிரித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "வலது கையிலதான் இப்ப பிடி நிக்க மாட்டேங்குது. டம்ளர் நழுவுது" என்றார்.

எனக்கு வந்த நோய்களெல்லாம் படித்த பாடம்; இது வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். ஒருநாள் கூலி போய்விடுமே என்றார். அதைப் பற்றித்தான் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.